முதல் விதைப்பு வீடு

கும்மிடிப்பூண்டி,
27 ஏப்ரல்

அன்புள்ள அண்ணிக்கு,

ரோஜா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, சாப்பாடும் பழகிவிட்டது. நீங்களும் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள்? பானுக்குட்டிக்கு இருமல் நின்றதா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பீர்கள். அண்ணன் பாறை உச்சியில் ஏறி நின்று கூப்பிட்டாலும் பாதிப் பேச்சில் அறுந்துவிடுகிறது. அறுந்துபோகாத பாதியிலும் நான் 'ம்' தவிர எதுவும் சொல்வதில்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள். தபால்காரர் செவ்வாயும் வெள்ளியும் மலை ஏறினால் போதும், நான் எழுதுவேன்.

பழைய இரும்பை உருக்கிக் கம்பி செய்யும் ஆலை இது. உருகிய இரும்பில் ஒரு கரண்டி எடுத்துவந்து ஆறவைப்பார்கள். அதைச் சோதித்துத் தாளில் எழுதுவது என் வேலை. ஆய்வக அறைக்குள் ஏசி, கதவைத் திறந்தால் முகத்தில் அடுப்பு. விடுதி ஜன்னலைக் காலையில் துடைத்தால் மாலைக்குள் துரு நிறத்தில் தூசி படிந்துவிடும். அறையில் என்னோடு ஷைனி இருக்கிறாள், பொன்னேரிப் பக்கம். "இன்னாடி ரோஜா, வாயில கொயக்கட்டயா?" என்று தினமும் ஒரு தடவை கேட்டுவிடுவாள்.

இந்த வருஷம் முதல் விதைப்பு நம் வீட்டு முறை அல்லவா? இருபத்திரண்டு வீடும் சுற்றி நம்மிடம் வந்திருக்கிறது. நாம் சாமை விதைத்த மூன்றாம் நாள்தான் மற்ற வீடுகள் விதைக்கும் என்று ஷைனியிடம் பெருமையாகச் சொன்னேன். "உங்கண்ணன் தப்பான நாள்ல வெதச்சிட்டா?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. அண்ணன் உழுதுவிட்டாரா?

அன்புடன்,
ரோஜா


மேல்வாகையூர், ஜவ்வாது மலை,
9 மே

ரோஜாவுக்கு அண்ணி கோவிந்தம்மா எழுதிக்கொண்டது.

இங்கே எல்லோரும் இருக்கிறோம். பானுவுக்கு இருமல் விட்டது, இப்போது உடம்பெல்லாம் கொசுக்கடி. நான் கல்யாணமாகி வந்த வருஷம் சித்திரையில்கூடப் போர்வை இல்லாமல் படுத்ததில்லை. இப்போது குப்பன் வீட்டில் ஃபேன் வாங்கிவிட்டார்கள். ஊரே போய்ப் பார்த்துவிட்டு வந்தது.

அண்ணன் இன்னும் உழவில்லை. உழுகிற அளவுக்கு மழை இல்லை. கொன்றை தை மாசமே பூத்து மாசியில் கொட்டிவிட்டது. கொன்றை கொட்ட வேண்டும், மேற்குக் காற்று திரும்ப வேண்டும், ஈசல் பறக்க வேண்டும், அதுதான் விதைக்கிற நாள் என்று இருந்தது. இப்போது பூ ஒரு மாசத்தில், காற்று ஒரு மாசத்தில், ஈசல் ஒரு மாசத்தில். எதைக் கணக்கில் எடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. பலா பிஞ்சிலேயே கருகி விழுகிறது. தேனுக்குப் போனவர்கள் காய்ந்த அடையோடு திரும்பினார்கள். கீழ்ச் சுனையில் குடத்தை வைத்தால் அது நிரம்புவதற்குள் பானுவுக்குத் தலைவாரிப் பின்னலும் போட்டுவிடலாம்.

இரண்டு வருஷமாக விளைச்சல் கம்மி என்பது உனக்குத் தெரியும். நம்மிடம் விதைச் சாமை ஒரு பானைதான் இருக்கிறது. மற்ற வீடுகளிலும் அப்படித்தான். இது முளைத்து வந்தால்தான் அடுத்த வருஷத்துக்கு ஊரில் விதை. உன் அண்ணன் விடிந்ததும் பாறை மேல் போய் நிற்கிறார். இறங்கி வந்து எதுவும் சொல்வதில்லை. நேற்று மட்டும் சொன்னார்: "பாப்பா படிச்சிருக்கு. போன்ல மழை தெரியுமாமே. கேட்டு எழுது."

உடம்பைப் பார்த்துக்கொள். தலைக்கு எண்ணெய் வை.

அண்ணி


கும்மிடிப்பூண்டி,
19 மே

அன்புள்ள அண்ணிக்கு,

நான் சௌக்கியம். அங்கே எல்லோரும் சௌக்கியம்தானே?

அண்ணன் கேட்டதைப் படித்ததும் எனக்குக் கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை. அண்ணன் என்னிடம் எதையும் கேட்டதில்லை. கல்லூரியில் சேர்த்த அன்றுகூட, வாசலில் விட்டுவிட்டு, "பாத்துக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

போனில் தெரியும் அண்ணி. எங்கள் சூப்பர்வைசர் மதன் சார் லாரியில் சரக்கு ஏற்றுவதற்கு அதைப் பார்த்துத்தான் நேரம் சொல்வார். நம் ஊர்ப் பெயரைப் போட்டேன், அப்படி ஓர் ஊரே இல்லை என்றது. ஜமுனாமரத்தூர் என்று போட்டதும் வந்தது. இன்னும் பத்து நாளைக்கு வெயில்தான். தினமும் பார்த்து, சரியான நாள் வந்ததும் எழுதுகிறேன். அண்ணனை வெயிலில் பாறை மேல் நிற்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ரோஜா


கும்மிடிப்பூண்டி,
4 ஜூன்

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதை ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். அவசரம்.

ஜூன் 12 முதல் 16 வரை ஐந்து நாளும் மழை காட்டுகிறது. எல்லா நாளும் எண்பது சதவீதத்துக்கு மேல். மூன்று நாளாக மாறாமல் அதையே காட்டுகிறது. ஒன்பது, பத்தில் விதைத்துவிட்டால் சரியாக இருக்கும். மற்றவர்கள் விதைக்கும்போது மழையும் வந்துவிடும்.

அண்ணிக்கும் பானுவுக்கும் என் அன்பு.

தங்கை,
ரோஜா


மேல்வாகையூர்,
15 ஜூன்

ரோஜாவுக்கு,

நாங்கள் நலம். நீ நலமா?

பத்தாம் தேதி விதைத்தாகிவிட்டது. அதற்கு முன்னால் விழுந்த ஒரு தூறலில் அவசரமாக உழுதார். மூன்றாம் நாள் ஊரே இறங்கி விதைத்தது. உன் அண்ணன் எல்லோருடைய நிலத்துக்கும் போய் நின்றுவிட்டு வந்தார். நேற்று சாயங்காலம் கொஞ்சம் தூறியது. இலை நனைந்தது, இலைக்கு அடியில் நனையவில்லை. வானம் மூடிக்கொண்டுதான் இருக்கிறது. இன்னும் ஒரு நாள் இருக்கிறதே, நாளைக்கு வரும் என்கிறார்.

அவர் உன் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறார். துவைக்கக் கேட்டபோதும் சட்டையைத் தரவில்லை.

அண்ணி


கும்மிடிப்பூண்டி,
24 ஜூன்

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நான் நன்றாக இருக்கிறேன். லேசாகச் சளி, வேறொன்றுமில்லை. இங்கே ஐந்து நாள் நல்ல மழை. விடுதி வாசலில் முழங்கால் அளவு தண்ணீர். ஷேர் ஆட்டோ வரவில்லை, சிப்காட் வரை நடந்தே போனோம்.

வேலை அதிகமாக இருக்கிறது. இந்த முறை நீளமாக எழுத முடியவில்லை. பானுவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ரோஜா


மேல்வாகையூர்,
20 ஜூலை

ரோஜாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மனசில் வைத்துக்கொள்ளாதே. சளி விட்டதா? மழையில் நனைந்தால் ஈரத் தலையோடு ஏசி அறையில் உட்காராதே.

இங்கே எல்லோரும் நலம். அண்ணன் நன்றாக இருக்கிறார். வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது. பானு ஒன்றுக்கு உன் பெயர் வைத்திருக்கிறாள், கூப்பிட்டால் அது திரும்பியே பார்க்காது. அண்ணன் நன்றாக இருக்கிறார். நீ ஊருக்கு வர அவசரப்பட வேண்டாம். லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்களாமே, குப்பன் சொன்னான்.

அண்ணி


கும்மிடிப்பூண்டி,
3 ஆகஸ்ட்

அன்புள்ள அண்ணிக்கு,

இந்த முறை நலம் விசாரித்துத் தொடங்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்?

உங்கள் கடிதத்தில் அண்ணன் நன்றாக இருக்கிறார் என்று இரண்டு தடவை இருந்தது. சாமை பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீங்கள் கேட்காததை நானே சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டாம் தேதி மத்தியானம் இங்கே மழை கொட்டியது. போனில் காட்டிய அதே நேரத்தில், அதே அளவு. நான் ஜன்னலருகே நின்று சந்தோஷமாக, "எங்க ஊர்லயும் இப்ப பெய்யும்" என்றேன். ஷைனி என் போனை வாங்கிப் பார்த்தாள். "பைத்தியம், இது நம்ம ஊரு மழடி. நீ இங்கதானே குந்திக்கினு இருக்கற? அது நீ இருக்கற எடத்தத்தான் காட்டும்" என்றாள். மேலே சின்ன எழுத்தில் கும்மிடிப்பூண்டி என்று இருந்தது. முதல் நாள் ஜமுனாமரத்தூர் என்று போட்டுப் பார்த்தேன். அதன் பிறகு திறந்தபோதெல்லாம் அது தானாகவே என்னுடைய இடத்தைக் காட்டியிருக்கிறது. நான் மேகப் படத்தையும் சதவீதத்தையும் மட்டுமே பார்த்திருக்கிறேன். கடற்கரை மழையை மலைக்கு எழுதி அனுப்பிவிட்டேன்.

அன்றே உங்களுக்கு எழுதினேன். தபாலில் போடவில்லை. மலையிலும் மழை பெய்துவிட்டால் சொல்ல வேண்டியதே இல்லை என்று நினைத்தேன். பெய்யவில்லை என்று உங்கள் கடிதம் வந்தபோது பயந்துவிட்டேன். ஒன்றரை மாசமாகச் சொல்லாமல் இருந்தேன்.

அண்ணி, விதை என்ன ஆயிற்று? மறைக்காமல் எழுதுங்கள்.

ரோஜா


மேல்வாகையூர்,
17 ஆகஸ்ட்

ரோஜாவுக்கு,

கஞ்சி குடித்துக்கொண்டு உயிரோடு நன்றாகத்தான் இருக்கிறோம். முதலில் அதை மனசில் வைத்துக்கொண்டு மீதியைப் படி.

விதைத்தபின் விழுந்த அந்தத் தூறலுக்குப் பாதி விதை முளைவிட்டது. பிறகு இருபத்தைந்து நாள் வெயில். முளைத்தது கருகிப்போனது. முளைக்காததை எறும்பும் புறாவும் தின்றன. ஜூலை ஒன்பதாம் தேதி மழை வந்தது. மூன்று நாள். அப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. மேல் மண்ணையே வழித்து ஓடையில் கொண்டுபோய்ப் போட்டது. நம் நிலம் மட்டுமில்லை, இருபத்திரண்டு வீட்டு நிலமும் அப்படித்தான்.

ஊர் கூடியபோது உன் அண்ணன் எழுந்து, "நாள் பாத்தது நான்தான். பாறை மேல நின்னு பாத்தேன். தப்பாப் போச்சு" என்றார். உன் பெயரை அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஊரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. யாராவது திட்டியிருந்தால் அவர் இங்கேயே இருந்திருப்பார்.

ஆமாம், அவர் இங்கே இல்லை. போன மாசம் பதினைந்தாம் தேதி குப்பனோடு கீழே இறங்கினார். உன்னிடம் சொல்லக்கூடாது என்று பானு தலைமேல் கைவைத்துச் சத்தியம் வாங்கினார். இனி அந்தச் சத்தியத்தைக் காப்பாற்ற எனக்குத் தெம்பில்லை. அவர் உன் ஊரில்தான் இருக்கிறார் ரோஜா. கும்மிடிப்பூண்டியில் ஏதோ ஒரு இரும்பு ஆலையில் லாரியிலிருந்து பழைய இரும்பு இறக்குகிற வேலையாம். ஆலைப் பெயர் எனக்குத் தெரியாது. போனை எனக்காக இங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். விதைத்த அன்று மண்ணைக் கையில் அள்ளினேன். அடியில் சூடு இருந்தது. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போகவில்லை. மழை எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. அந்த வாரம் வராது என்று மட்டும் தோன்றியது. என்னை யாரும் கேட்கவில்லை. உன் கடிதம் இருந்ததால் நானும் சொல்லவில்லை.

நீ சாப்பிடாமல் இருக்காதே.

அண்ணி


கும்மிடிப்பூண்டி,
8 செப்டம்பர்

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். அண்ணனும் நலம். இதை நான் பார்த்து எழுதுகிறேன்.

ஷிப்ட் முடிந்ததும் ஒவ்வொரு நாளும் ஓர் ஆலை வாசலில் நின்றேன். என்னால் யாரிடமும் போய்க் கேட்க முடியாது, உங்களுக்குத் தெரியும். ஷைனிதான் கூடவே வந்து கேட்டாள். ஐந்தாவது வாசலில் காவலாளி, "மலைக்காரங்களா? அந்த ஷெட்டுல கீறாங்கம்மா, ஆறு மணிக்கு வருவாங்கோ" என்றார். எங்கள் ஆலையிலிருந்து அது நடக்கிற தூரம். இரண்டு மாசமாக நாங்கள் ஒரே சாலையில் போய்வந்திருக்கிறோம்.

அண்ணன் என்னை முதலில் பார்த்துவிட்டார். குழாயடிப் பக்கம் திரும்பி ரொம்ப நேரம் முகம் கழுவினார். எவ்வளவு கழுவியும் காதோரம் கருப்பாகவே இருந்தது. பிறகு வந்து, "சாப்ட்டியா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். அவரே பேசினார்.

"நீ எழுதுன மழை பொய் இல்ல பாப்பா. இங்க எல்லாரும் சொல்றாங்க. அஞ்சு நாளும் நல்லாப் பெஞ்சுதாம்."

அவர் சிரித்தார். ஷைனியும் சிரித்தாள். நான் அங்கேயே நின்று அழுதேன்.

ஊருக்கு வாருங்கள் என்றேன். அடுத்த வருஷம் ஊரில் விதை இல்லை, அதற்குக் காரணமானவன் எந்த முகத்தோடு வருவது என்றார். நான்தான் காரணம் என்றேன். "அத ஊர்ல சொல்லிடாத" என்றார். அவர் குரல் உயர்ந்தது அப்போது மட்டும்தான்.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் லீவு. நான் வருகிறேன் அண்ணி. எதற்கு என்று அண்ணனிடம் சொல்லவில்லை.

ரோஜா


மேல்வாகையூர்,
3 அக்டோபர்

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் தோள் வலி எப்படி இருக்கிறது? அண்ணியும் பானுவும் நலம். நாளை விடுதிக்குத் திரும்பிவிடுவேன், ஆனால் நேரில் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதி, பூஜைக்கு வந்துவிட்டு இன்று இறங்குகிற குப்பன் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நீங்கள் சொல்லாதே என்றதைச் சொல்லிவிட்டேன். பூஜை முடிந்து எல்லோரும் பொரியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எழுந்து நின்றேன். அண்ணி என் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தார், விழுந்துவிடுவேன் என்று. நாள் சொன்னது நான், அதுவும் வேறு ஊர் மழையைப் பார்த்துச் சொன்னேன் என்றேன்.

பிறகு குப்பன் அண்ணனின் மனைவி, "ஸ்பீட் போஸ்ட் வந்திருக்குன்னு தபால்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கினுதான வந்தாரு. எங்களுக்கு அன்னிக்கே தெரியும்" என்றார். தெரிந்துமா விதைத்தீர்கள் என்று அவரிடம் கேட்டேன்.

"மூணு வருசமா யாருக்குத்தான் நாள் தெரியுது? யாராவது ஒரு நாளச் சொல்லிட்டாப் போதும்னு இருந்துச்சு, அவ்ளோதான்."

எல்லோரும் அவ்வளவு களைத்திருந்தார்கள் அண்ணா. என்னைத் திட்டக்கூட ஆள் இல்லை. நீங்கள் பட்டது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பிறகு ஒருவர், இனி முறை வேண்டாம், அவரவர் நாளில் அவரவர் விதைக்கட்டும் என்றார். ஒரே நாளில் ஊர் முழுக்கத் தோற்க வேண்டாம் என்றார். சரியென்று யாரும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். அவ்வளவுதான், முதல் விதைப்பு வீடு என்று இனி ஒன்று இல்லை. இரண்டு வீட்டில் சமைக்க வைத்திருந்த சாமை உமியோடு கொஞ்சம் இருக்கிறதாம். அதை எல்லோரும் விதைக்குப் பிரித்துக்கொள்வது என்று பேச்சு. நம் வீட்டுக்கும் பங்கு உண்டு, கேட்காமலே சொன்னார்கள்.

விதைத்த அன்று அந்த வாரம் மழை வராது என்று அண்ணிக்குத் தோன்றியிருக்கிறது. மண் சூடாக இருந்ததாம். யாரும் கேட்கவில்லையாம். இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

தங்கை,
ரோஜா


கும்மிடிப்பூண்டி,
11 அக்டோபர்

ரோஜாவுக்கு அண்ணன் எழுதுவது.

நலம். தோள் வலி பரவாயில்லை. விடுதிக்குள் ஆம்பளை வரக்கூடாது என்றார்கள், அதனால் இதை வாசலில் கொடுத்துவிட்டுப் போகிறேன். எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் திருத்திப் படி.

குப்பன் கொடுத்த உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முறை போய்விட்டது என்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது. அப்பா விதைத்த வருஷம் ஊரே வரப்பில் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் இனி ஊர் விதைக்கெல்லாம் நான் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று தோன்றியதும் அன்று சாப்பிட முடிந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மேஸ்திரியிடம் தை வரை என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் போய்விடுவேன். நம் பங்கு விதையை ஒரே நாளில் போடப்போவதில்லை. மூன்றாகப் பிரித்துப் போடலாம் என்று இருக்கிறேன். எந்த எந்த நாள் என்பதைக் கோவிந்தம்மா சொல்லட்டும். தப்பினாலும் பரவாயில்லை, நம்மோடு போகும்.

வராத மழையைத் தெரிந்தவள் பக்கத்தில்தான் மண்ணை அள்ளிக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் பாறை மேலேயும் உன் கடிதத்திலேயும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. வாசலுக்கு வா, எங்கேயாவது போய்ச் சாப்பிடலாம். அந்தப் பொன்னேரிப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வா.

அண்ணன்,
அரசப்பன்